பதினோரு செடியும் என் பேரும்

இல்ல சார், சொல்லமாட்டேன்னு நான் சொல்லல. சொல்றேன். தப்பா சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்குது. முன்ன சொல்ல வேண்டியதைப் பின்ன சொல்லிடுவேன். போன தடவை ஆபீஸ்ல உட்கார வெச்சி கேட்டப்ப அப்படித்தான் ஆச்சி. சொல்ல வேண்டிய எடத்துல வாயை மூடிகினேன், அதுலதான் வேலூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன். அதனால அந்த நோட்டைக் கொஞ்சம் மூடி வெச்சிடுங்க. பேனாவையும் ஜேபியில போட்டுக்குங்க. கோச்சிக்காதீங்க. மூணாங்கிளாஸோட நிறுத்தினவ நான். எழுதற கையைப் பார்த்தா எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது.

அந்தக் கல்லு மேல குந்துங்க. பலா நிழல் அங்கதான் விழுது. இந்தாங்க, மோரு. குடிங்க, புளிக்காது.

ஆமா சார், பதினோரு செடி. நீங்க எண்ணினது சரி. பதினொண்ணும் காஞ்சிபோச்சி, குச்சி குச்சியா நிக்குது. ஆடு கடிக்கல, அதுவும் சரி. வெட்டின தடம் இல்ல, அதையும் நீங்களே குனிஞ்சி பார்த்துட்டீங்க. சுத்தி இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்களே, ஒரு புல்லு பூண்டு இல்லையே, அப்படி இருந்தும் இன்னா ஆச்சின்னு கேக்கறீங்க. சொல்றேன். பழசுல இருந்து வந்தாதான் எனக்கு வாயில வரும். நேரா கேட்டா வராது.

துவரையா? இருந்துது. எடுத்துட்டோம். அதுக்கும் வர்றேன் சார்.

நான் நெல்லிவாசல் பக்கத்துப் பொண்ணு. இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப வயசு பதினாறு. வந்த வருஷம் வூட்டுக்குப் பின்னால சாமைக் கொல்லையில நாலு சால் துவரை போட்டிருந்தாங்க. களை எடுக்கச் சொல்லோ பார்க்கறேன், ஒரு துவரைத் தூருல சின்னதா ஒரு செடி. நாலு இலை, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு. மாமியா பார்த்துட்டு, ஏ பாஞ்சாலை, அது சந்தனம், கிள்ளிப் போடுன்னாங்க.

மலையில அப்படித்தான் சார். உங்களுக்குத் தெரியாததா. பட்டா நிலத்துல முளைச்சாலும் மரம் சர்க்காருது. தொலைஞ்சா பதில் சொல்ல வேண்டியது மட்டும் நாம்ப. அதனால வெரல் உசரம் வர்றதுக்குள்ள கிள்ளிப் போட்டுடுவாங்க. நான் கிள்ளல. சின்ன வயசு, அந்த வூட்டுல என்னுதுன்னு சொல்ல ஒரு சொம்பு கூட இல்ல. இது இருக்கட்டுமேன்னு தோணுச்சி. மாமியா பாக்காதப்ப தண்ணி ஊத்தினேன்.

தையில துவரை அறுவடை. காயைப் பறிச்சிட்டு தூரைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டோம். எல்லாரும் செய்யறதுதான். ரெண்டு மாசத்துல செடி மஞ்சளாச்சி. நான் தெனம் ஒரு குடம் ஊத்தறேன், சாணி வெக்கறேன், சுத்தி ஒரு புல்லு விடாம களை எடுக்கறேன். எவ்ளோ பார்த்தேனோ அவ்ளோ சீக்கிரம் செத்துது.

விடல நான். கார்த்திகை வாக்குல காட்டுக்குப் போனப்ப கறுப்பா பழுத்த சந்தனப் பழமா பொறுக்கியாந்தேன். தோலைத் தேய்ச்சிக் கழுவி, நிழல்ல காய வெச்சி, மண்ணுல போட்டேன். ஒண்ணும் வரல. பழம் பறிச்ச கையோட போட்டா வராது சார், ரெண்டு மாசம் தூங்கும் அது. அதுக்கப்பால ராத்திரி ஊற வெச்சி, பகல்ல வெயில்ல உலத்தி, நாலு நாள் அப்படிப் பண்ணினா ஓடு கீறும். எலி தின்னாம முள்ளைப் போட்டு மூடணும். முளைச்சி வந்துது. அஞ்சாறு இலை விட்டுது. மறுபடியும் செத்துது. அடுத்த வருஷமும் செத்துது. எங்க வூட்டுக்காரர் சிரிப்பாரு. எனக்குக் கஞ்சி ஊத்த மறந்தாலும் அதுக்குத் தண்ணி ஊத்த மறக்கமாட்டேங்கற, அது கூட உன்கிட்ட பொழைக்க பயப்படுதுடின்னுவாரு.

மூணாம் வருஷம்தான் கண்ணு தொறந்துது. ஒரு துவரை பட்டுப்போச்சின்னு பிடுங்கறேன், கூடவே பக்கத்துல இருந்த சந்தனச் செடியும் வருது. மண்ணை உதறிப் பார்த்தா, சந்தன வேரு நேரா போய் துவரை வேரைக் கவ்விகினு இருக்குது. கவ்வின எடத்துல பயறு அளவுக்கு ஒரு குமிழ். கன்னுக்குட்டி மடியைப் பிடிக்கற மாதிரி. அப்பத்தான் புரிஞ்சிது. நான் மடியை அறுத்துப் போட்டுட்டு கன்னுக்குத் தண்ணி ஊத்திகினு இருந்திருக்கேன்.

உங்க புஸ்தகத்துல போட்டிருக்கும். எனக்கு யாரு சொல்றது? பழைய ரேஞ்சர் ஐயாதான் பின்னால சொன்னாரு, அதுக்கு ஒட்டுண்ணின்னு பேருன்னு. அப்படின்னா எங்க வூட்டுலயும் ஒண்ணு வளருதுங்கன்னு சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. உள்ள இருந்த எங்க வூட்டுக்காரர் சிரிக்கல.

அந்த வருஷம் ஒரு செடியைத் துவரையோட விட்டேன். காயை மட்டும் பறிச்சேன், தூரைத் தொடல. துவரை ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்குள்ள பக்கத்துல ஒரு நெல்லிக் கன்னு வெச்சிட்டேன், துவரை போனா இதைப் பிடிச்சிக்கட்டும்னு. பிடிச்சிக்கிச்சி. அதுக்கப்பறம் அதை யாரும் வளர்க்கல சார், அதுவே வளர்ந்துது. வூட்டு ஓட்டுக்கு மேல போச்சி. பழம் பழுத்தா சின்னான் குருவி கூட்டமா வந்து உட்காரும்.

ஒண்ணு சொல்றேன். பத்து பதினஞ்சி வருஷம் அது கீழ புளி உலத்தியிருக்கேன், புள்ளைங்களைத் தூங்க வெச்சிருக்கேன். ஒரு நாளும் அதுல வாசனை வந்ததில்ல. இலையைக் கசக்கினாலும் இல்ல, பூவுலயும் இல்ல. எல்லாம் உள்ள நடுவுல, வைரக் கட்டையில இருக்குது. வெட்டினாதான் தெரியும்னாங்க. தெரியவே வேணாம்னு இருந்தேன்.

ரேஞ்சர் ஐயா வந்தப்ப மரத்தைச் சுத்தி நூல் பிடிச்சிப் பார்த்தாரு. பட்டையில வெள்ளைப் பெயிண்டுல நம்பர் போட்டாரு. பட்டா நிலத்துல இப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லம்மான்னு சொல்லி, நோட்டுல எழுதி, என்னையே படிக்கச் சொன்னாரு. பாஞ்சாலை வளர்த்த மரம். என் பேரு எனக்குப் படிக்கத் தெரியும். மூணாங்கிளாஸுக்கு அது போதும். அன்னிக்கி ஊரெல்லாம் போய்ச் சொன்னேன். சந்தைக்குப் போற ஜீப்புல கூட சொன்னேன். வாயை வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்.

எங்க வூட்டுக்காரருக்கு அது பிடிக்கல போல. என் நிலத்துல உன் பேரான்னு ஒரு தடவை கேட்டாரு. டீக்கடையில ஆளுங்க, உன் பொண்டாட்டி மரம் எப்படி இருக்குதுன்னு கேலி பண்ணியிருக்காங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. ஆம்பளைக் கோவம், சாப்பிட்டா அடங்கும்னு நெனைச்சேன்.

எம்பத்தி ரெண்டு, மாசி மாசம். மரத்துல முட்டி உசரத்துல ஒரு தொளை பார்த்தேன். சுண்டு வெரல் நுழையும். மேல ஈர மண்ணு அப்பியிருந்துது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டு தொளைச்சிருக்கும், வேப்பம்புண்ணாக்கு வெச்சி அடைன்னாரு. நான் அரைச்சி, வெரலால உள்ள தள்ளித் தள்ளி அடைச்சேன். அது வண்டு இல்ல சார். உள்ள வைரம் எவ்ளோ பாய்ஞ்சிருக்குதுன்னு பார்க்க யாரோ தொளை போட்டிருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தவரே வண்டுன்னு சொல்றப்ப?

நாலு நாள் கழிச்சி, உன் தங்கச்சியைப் பார்த்து எவ்ளோ நாளாச்சி, போய்ட்டு வாயேன்னாரு. என் தங்கச்சி சாந்தம்மா நெல்லிவாசல்ல இருக்குது. கல்யாணம் ஆகி இருபத்தி நாலு வருஷத்துல அவரே வாயைத் தொறந்து போன்னு சொன்னது அன்னிக்கிதான். மாட்டுக்கு யாரு பாப்பாங்கன்னேன். நான் பாத்துக்கறேன்னாரு. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? வழி பூரா பேசிகினே நடந்தேன், கூட யாரும் இல்ல, தனியாவே பேசிகினு. சாந்தம்மாகிட்ட போய், உங்க மாமா மாறிட்டாருடின்னு சொன்னேன்.

மூணாம் நாள் உச்சி வேளையில திரும்பி வந்தேன். வூட்டை நெருங்கச் சொல்லோ ஒரு வாசனை. கோயில் வாசனை. யாரோ பூஜை போட்டிருக்காங்க போலன்னு நெனைச்சிகினே வந்தேன். வந்து பார்த்தா பள்ளம். மரத்தை வெட்டல சார், தோண்டி எடுத்துட்டாங்க, வேருலதான் எண்ணெய் ஜாஸ்தின்னு. ஆள் இறங்கி நிக்கற பள்ளம். அதுலேர்ந்துதான் வாசனை. பக்கத்துல அந்த நெல்லி, பாதி வேரு அறுந்து, சாஞ்சிகினு நிக்குது. பள்ளத்துல இறங்கி உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல வளர்த்துட்டு, அன்னிக்கிதான் அதும் வாசனை எனக்குத் தெரிஞ்சிது.

அவரைக் கேட்டா, அந்த ராத்திரி எங்கயோ போயிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. நம்பினேன்.

மறுநாள் ஃபாரஸ்ட்டுக்காரங்க வந்தாங்க. நோட்டுல என் பேரு இருக்குது, நம்பர் போட்ட மரம். என்னையும் அவரையும் ஜீப்புல ஏத்திகினு போய் தனித்தனி ரூம்ல உட்கார வெச்சாங்க. எழுதறவரு கேட்டாரு, நீ ஊருக்குப் போனப்ப வூட்டுல யாரு இருந்ததுன்னு. அவரு இருந்தாருன்னேன். எவரு, பேரைச் சொல்லுன்னாரு. எங்கள்ல புருஷன் பேரை வாயால சொல்றதில்ல சார். சொல்லப் பழகவே இல்ல. ரேஷன் கடையில கூட சீட்டைத்தான் நீட்டுவேன். வூட்டுக்காரர்னு சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. வாய் வரைக்கும் வந்துது. அதைச் சொன்னா அவரைக் காட்டிக் குடுக்கற மாதிரி ஆயிடுமேன்னு பட்டுது. அவரு மேல சந்தேகம் எனக்கு இல்ல, ஆனா அவங்களுக்கு வந்துடுமேன்னு. முழுங்கிட்டேன். மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் தரையைப் பார்த்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, யாரையோ மறைக்கிறாள்னு எழுதிட்டாரு. கை நாட்டு வெக்கறியான்னாரு. இல்லீங்க, எனக்குக் கையெழுத்து வரும்னு சொல்லி, பாஞ்சாலைன்னு போட்டேன். அதுல வேற ஒரு பெருமை.

அவரை அன்னிக்கே விட்டுட்டாங்க. என்னை வேலூர் ஜெயில்ல ஒன்பது நாள் வெச்சிருந்தாங்க. அதைச் சொல்லமாட்டேன், விடுங்க.

அப்பால ரெண்டு வருஷம் வாய்தா. திருப்பத்தூர் கோர்ட்டுக்கு அவரும் கூட வருவாரு. ஒரே ஜீப்புல, பக்கத்துல உட்கார்ந்து. புளிசோறு நான்தான் கட்டிகினு போவேன். மரத்தடியில ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்பிடுவோம். எனக்கு அழுகை வந்தா, அழாத பாஞ்சாலை, நான் இருக்கேன் இல்லன்னுவாரு.

கடைசியா ஒரு நாள் சாப்பிட்டுட்டு உள்ள போனோம். அன்னிக்கிதான், மரம் போனப்ப ஆபீஸ்ல அவரு எழுதிக் குடுத்ததை சத்தமா படிச்சாங்க. மரத்தை வளர்த்தது என் மனைவி பாஞ்சாலை. மரத்துக்குப் பொறுப்பு என் மனைவி பாஞ்சாலை. யார் யார் மரத்தைப் பார்க்க வந்து போனார்கள் என்பது பாஞ்சாலைக்கே தெரியும். நான் நிலத்துக்குச் சொந்தக்காரன் மட்டுமே, மற்றது பாஞ்சாலையைத்தான் கேட்க வேண்டும். நாலு தடவை சார். எண்ணினேன். பக்கத்து ரூம்ல நான் அவரு பேரை முழுங்கிகினு உட்கார்ந்திருந்த அதே நேரத்துல, அவரு என் பேரை நாலு தடவை சொல்லியிருக்காரு. படிக்கச் சொல்லோ திரும்பி அவரைப் பார்த்தேன். மீசையில ஒரு சோத்துப் பருக்கை ஒட்டிகினு இருந்துது. நான் கட்டின சோறு.

சாட்சி போதாதுன்னு கேஸைத் தள்ளிட்டாங்க. வூட்டுக்கு வந்து கேட்டேன், நீங்கதான் ஆளைக் கூட்டியாந்தீங்களான்னு. எப்படியும் சர்க்கார் எடுத்துகினு போற மரம்தானேன்னாரு. அவ்ளோதான் பதில். வேற யாரு, எங்க கொண்டு போனாங்க, இவருக்கு இன்னா கெடைச்சிது, ஒண்ணும் தெரியாது. மரம் போன மாசம் ஒரு டிரான்சிஸ்டர் வந்துது வூட்டுக்கு. புளி வித்ததுல வாங்கினேன்னாரு. உள்ள பாடுது பாருங்க, கேக்குதா? அதான்.

எங்க போறது சார்? தங்கச்சி வூட்டுக்கா? உங்க மாமா மாறிட்டாருன்னு சொல்லிட்டு வந்த வூட்டுக்கா?

சரி, பதினோரு செடிக்கு வர்றேன். மரம் இருந்தப்ப குருவி தின்னு போட்ட வெதையோ, வேற எங்கேர்ந்தோ கொண்டாந்து போட்டுதோ, போன வருஷம் மழைக்கு அந்த நெல்லி ஓரத்துல, வேலி நெடுக, பதினோரு செடி முளைச்சிது. பார்த்ததும் கிள்ளிப் போடணும்னுதான் போனேன். குந்தினேன். நாலு இலை, மினுமினுன்னு. அன்னிக்கி கிள்ள வரல. அது போதாதுன்னு வூட்டுக்கு வந்து துவரை எடுத்துகினு போய், ஒவ்வொண்ணுக்கும் ஒரு முழம் தள்ளி மூணு மூணா ஊணிட்டு வந்தேன். புத்தி வேணாம்னுது, கை கேக்கல.

நல்லா வந்துது சார். ஐப்பசியில துவரை பூ வெச்சப்ப சந்தனம் முட்டி உசரம். அப்பத்தான் உங்க வாட்ச்சர் ராஜேந்திரன் இந்தப் பக்கம் வந்தாரு. நல்லவருதான், அவரைக் குத்தம் சொல்லல. எண்ணினாரு. நோட்டை எடுத்தாரு. யாரு பொறுப்புன்னு எழுதறதுன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள உள்ளேர்ந்து குரல் வருது. டிரான்சிஸ்டரைக் கூட அணைக்கல. அவ பேர்லயே எழுதிக்குங்க, அவதான் வளர்க்கறவன்னு.

அதைக் கேட்டதும் எனக்கு வேலூரு ஞாபகம் வந்துடுச்சி. இதுங்க வளர இன்னும் இருபது வருஷம் ஆவும். அது வரைக்கும் பதினோரு மரத்துக்கு நான் பதில் சொல்லணும். பதினோரு தொளை வரும். பதினோரு தடவை என்னைத் தங்கச்சி வூட்டுக்கு அனுப்புவாரு.

இன்னா சார்? ஜீப்புல இருபது பை வெச்சிருக்கீங்களா? புதுச் செடியா? எனக்கா? வேணாம் சார். உங்களை மாதிரி தெரிஞ்சவங்க யாரும் இல்லம்மான்னு அவரும்தான் சொன்னாரு, அந்த ரேஞ்சர் ஐயா. இப்படித்தான் கல்லு மேல உட்கார்ந்து, மோரு குடிச்சிட்டுச் சொன்னாரு. வேணாம். எறக்காதீங்க.

நோட்டைத் தொறக்கறீங்களா? தொறங்க. இப்ப தொறங்க, பரவாயில்ல. பாஞ்சாலைன்னு எங்க இருக்குது? அதானே? அதும் மேல ஒரு கோடு போடுங்க. நான் பார்க்கறேன். இன்னும் அழுத்தி. பின்பக்கம் தெரியணும்.

யாரு பேரையாவது போட்டே ஆவணும்னா நிலம் யாரு பேர்ல இருக்குதோ அவங்க பேரைப் போடுங்க. கோபால்சாமி. ஆமா சார், அதான் அவரு பேரு. கோபால்சாமி. அன்னிக்கி மூணு தடவை கேட்டும் வரல. இன்னிக்கி வருது பாருங்க, சாமைக்கு வெலை சொல்ற மாதிரி.

காஞ்சதுக்குக் காரணம் இன்னான்னு எழுதறதா? நோய் ஒண்ணும் இல்ல. வெயில்னு எழுதிக்குங்க. உங்க நாத்தங்கால்லயும் ஆயிரக்கணக்குல மஞ்சளாவுதுன்னீங்களே, அதுக்கு ஒண்ணு சொல்றேன், காசா பணமா. கூலிக்கு வர்ற பொம்பளைங்க பாத்தியைச் சுத்தமா வெக்கறாங்களாம், துவரை மேல ஏறிடுச்சின்னு அதையும் களையோட பிடுங்கிடறாங்களாம். அவங்களைத் திட்டாதீங்க. களை எடுக்க வேணாம்னு சொல்லுங்க, போதும். துவரை இருக்கட்டும், புல்லு இருக்கட்டும். எதையாவது பிடிச்சிகினு அது பொழைச்சிக்கும். சுத்தம் பண்ணினா செத்துடும்.

வந்ததும் சொன்னீங்க இல்ல, இவ்ளோ சுத்தமா யாரும் வெச்சி நான் பார்த்ததில்லன்னு. ஆமா சார். ராஜேந்திரன் எழுதிகினு போன மறுநாளே களைக்கொத்தை எடுத்துட்டேன். மொதல்ல துவரை. பூவோட, பிஞ்சோட பிடுங்கினேன். பாத்தவங்க, பைத்தியம் பிடிச்சிடுச்சாடி உனக்குன்னாங்க. அப்பால புல்லு, குன்னிமணிக் கொடி, வேலியோரத்துப் பூண்டு, அந்த நெல்லி வேரு வந்து நுழையற எடம், எல்லாம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு வந்து குந்துவேன். ஒரு செடிக்கும் நான் கத்தி வெக்கல, சுடுதண்ணி ஊத்தல. தண்ணி கூட நிறுத்தல சார், கடைசி வரைக்கும் ஊத்தினேன். பதினொண்ணுக்கும் பிடிச்சிக்க ஒரு வேரு கூட இல்லாம, மாசி வரைக்கும் களை எடுத்தேன்.